பழைய ஜில்லெட் ரேசர்: தலையைப் பிரித்துப் பார்த்துப் பழகுங்கள்

பழைய சேஃப்டி ரேசர் கையில் கிடைத்தால் பலரும் முதலில் கைப்பிடியின் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். நான் தலையைப் பார்க்கச் சொல்வேன். வித்தை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1. எந்த வகை என்று பாருங்கள்

கைப்பிடியைச் சுழற்றினால் தலை தனியாகக் கழன்று வருகிறதா? அது மூன்று துண்டு ரேசர். 1938-ல் வந்த ஜில்லெட் டெக் இந்த வகை. அடிக்குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறந்துகொள்கின்றனவா? 1947-ல் வந்த சூப்பர் ஸ்பீடு அப்படித்தான் திறக்கும். கழுத்தில் 1 முதல் 9 வரை எண்கள் இருந்தால், பிளேடு இடைவெளியை மாற்றிக்கொள்ளும் அட்ஜஸ்டபிள். ரசிகர்கள் ஃபேட்பாய் என்று செல்லமாகச் சொல்வது 1958-ல் வந்த அட்ஜஸ்டபிளைத்தான். முதன்முறை வாங்குபவருக்கு என் சிபாரிசு டெக். கெட்டுப்போக அதில் எதுவுமே இல்லை.

1950-களிலும் அதற்குப் பிறகும் வந்த பல அமெரிக்க ஜில்லெட்டுகளின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்கும். D-4 என்றால் 1958-ன் கடைசிக் காலாண்டு.

2. பிளேடு எப்படி உட்காருகிறது?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. டெக்கைப் பிரித்து, மேல்மூடியைக் கவிழ்த்து, அதன் முளைகளில் பிளேடை வையுங்கள். பிளேடு தட்டையாகக் கிடக்கும். அடித்தட்டை வைத்துக் கைப்பிடியை முறுக்க முறுக்க, பிளேடு மூடியின் வளைவோடு சேர்ந்து வளைவதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். ஒரு தாளை நீட்டிப் பிடித்தால் தொய்கிறது, லேசாக வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கிறது அல்லவா, அதே கதைதான். சுமார் 0.1 மில்லிமீட்டர் தகடு முடியை வெட்டும்போது அதிராமல் நிற்க இந்த வளைவே காரணம்.

கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடியும் இதுதான்: பிளேடு மெல்லியதாக, மலிவாக இருக்கட்டும், விறைப்பை ரேசர் கொடுக்கட்டும். அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்தித் தீட்ட வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன். அவருக்கும் இதில் சரிபாதிப் பெருமை உண்டு.

3. கோணல் இருக்கிறதா?

பிளேடு மாட்டி முறுக்கியதும் வெளிச்சத்தில் பிடித்து, பிளேடின் இரண்டு விளிம்புகளும் அடித்தட்டின் ஓரத்தில் இருக்கும் பாதுகாப்புக் கம்பிக்கு இணையாக, ஒரே அளவு வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் துருத்தினால் கொஞ்சம் தளர்த்தி, நேராக்கி, மறுபடி முறுக்குங்கள். அப்போதும் கோணல் போகாவிட்டால் யாரோ கீழே போட்டிருக்கலாம். அந்தக் கம்பிக்குப் பதில் சீப்புப் பற்கள் உள்ள இன்னும் பழைய மாடல்களில் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள், ஓரப் பற்கள்தான் முதலில் வளையும். கைப்பிடிக் குழலில் மயிரிழை விரிசல் இருந்தால் வாங்காதீர்கள்.

4. சுத்தம்

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான். கொதிக்க வைக்காதீர்கள், தேய்க்கும் பவுடர் போடாதீர்கள். தங்க முலாம் மிக மெல்லியது, போனால் போனதுதான். கதவு வகையில் மூட்டுகளில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, நாலைந்து முறை திறந்து மூடுங்கள்.

5. முதல் ஷேவ்

புது பிளேடு போடுங்கள். இன்று கடையில் கிடைக்கும் இரட்டை முனை பிளேடு இவற்றில் அப்படியே பொருந்தும். மூடியைக் கன்னத்தில் வைத்து, விளிம்பு முடியைத் தொடும்வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். அதுதான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி. அழுத்தவே அழுத்தாதீர்கள், ரேசரின் எடையே இழுத்துக்கொள்ளும். முடி வளரும் திசையிலேயே சிறுசிறு இழுப்பு போதும். அட்ஜஸ்டபிள் என்றால் 2 அல்லது 3-ல் தொடங்குங்கள். எண்ணை மாற்றும் முன் அடிக்குமிழைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் தேயும்.