மரவாள் வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஜோடிப் பயிற்சியில் மரவாள் முறிந்தால் அதன் முன்பாதி எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கிப் பறக்கலாம். கெண்டோ, ஐகிடோ, இயாய்டோ என எந்த ஜப்பானியப் போர்க்கலைக்காக வாங்கினாலும், பொக்கென் எனப்படும் இந்த மரவாளில் முதலில் பார்க்க வேண்டியது அதன் நார் ஓட்டம், அதாவது மரத்தின் ரேகைகள் ஓடும் திசை. மரத்தின் பெயர், பளபளப்பு, விலை எல்லாம் அதற்குப் பிறகு. பலரும் தலைகீழ் வரிசையில் வாங்குகிறார்கள்.

நார் ஓட்டத்தைப் பார்க்காமல் எடுப்பது

வாளைப் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கத்திலும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரேகைகள் பிடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரு ரேகை சாய்ந்து வந்து வாய்ப்பக்கமோ (வெட்டும் விளிம்பு) முதுகுப்பக்கமோ வெளியேறினால் அங்கே நார் அறுபட்டிருக்கிறது. பலமான அடி விழும்போது விரிசல் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டே ஓடும். வாள் கூர்முனையோடு இரண்டாகப் பிரியும்.

நேரான பலகையிலிருந்து வளைந்த வாளை அறுத்தெடுப்பதால் சிறிது சாய்வு இருக்கத்தான் செய்யும். நுனியின் கடைசி இரண்டு அங்குலத்தில் ரேகை வெளியேறினால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே அடி வாங்கும் பகுதியிலோ, கைக்காவல் பொருந்தும் இடத்துக்கு முன்னாலோ வெளியேறினால் அந்த வாள் வேண்டாம். கணு சிறியதாக இருந்தாலும் வேண்டாம். அதைச் சுற்றி நார் விலகி ஓடும்.

கறுப்புச் சாயமோ கெட்டிப் பூச்சோ பூசிய வாளில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் மாட்ட அது போதும், ஜோடிப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். இணையத்தில் வாங்குவதென்றால், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே வாளின் பக்கவாட்டுப் படமும் முதுகுப் படமும் கேளுங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

கோணலை உருட்டிப் பார்ப்பது

மேஜையில் உருட்டிப் பார்ப்பது சிலம்பக் கம்புக்குச் சரி. வளைந்த வாளில் அது எதையும் காட்டாது. பிடியின் அடியைக் கண்ணருகே வைத்து, ஒற்றைக் கண்ணால் முதுகுக் கோட்டை நுனிவரை நோக்குங்கள். மேல்கீழாக வளைவு இருக்கலாம். இடவலமாக விலகக் கூடாது, முறுக்கும் இருக்கக் கூடாது. பிறகு பிடியை இரண்டு விரலால் தளர்வாகத் தூக்கி, நடுப்பகுதியை விரல்முட்டியால் தட்டுங்கள். ஓசை தெளிவாக வர வேண்டும். மந்தமாக வந்தால் உள்விரிசலோ சரியாக உலராத மரமோ என்று சந்தேகப்படலாம். உலராத மரத்தில் செய்த வாள் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் கோணும்.

"ஓக்" என்ற பெயரை நம்புவது

ஜப்பானில் மரவாள் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர் மியாசாக்கி மாகாணத்தின் மியாகொனோஜோ. அங்கே பெரும்பாலும் பயன்படுவது காஷி எனப்படும் பசுமைமாறா ஓக் மரம். செந்நிறமானது அக்காகாஷி, வெளிறியது ஷிரோகாஷி. இரண்டும் அடர்த்தியானவை, அடியைத் தாங்குபவை. ஜோடிப் பயிற்சிக்குப் பலர் ஷிரோகாஷியைத்தான் விரும்புகிறார்கள்.

அமெரிக்காவில் ரெட் ஓக் என்று விற்கப்படும் மரம் வேறு. அதன் குறுக்குவெட்டில் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். வளர்ச்சி வளையங்களின் வழியாகப் பிளக்கக்கூடியது. "ரெட் ஓக் பொக்கென்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ரெட் ஓக் என்று கேட்டே ஆக வேண்டும். அமெரிக்க மரத்தில்தான் வேண்டுமென்றால் ஹிக்கரி. பார்க்க எடுப்பாக இருக்காது, ஆனால் அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

கடினமான மரம்தான் நல்ல மரம் என்ற எண்ணமும் தவறு. ஜப்பானியர் "கொக்குத்தான்" என்று அழைப்பது கருங்காலி இனத்து மரம். அதில் செய்த வாள் அழகு, கனம், விலையும் அதிகம்; ஆனால் மோதலில் செதில் தெறிக்கும், முறிந்தால் திடீரென்று முறியும். தனிப் பயிற்சியோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளூர்த் தச்சரிடம் செய்யக் கொடுப்பவர்கள் பலரும் தேக்கைக் கேட்கிறார்கள். தேக்கு கோணாது, கறையான் அரிக்காது. ஆனால் மோதலுக்கு ஏற்ற உறுதி அதில் இல்லை, சிராய் எழும்பும். வண்டிச் சக்கரத்துக்கும் கருவிப் பிடிகளுக்கும் நம் ஊரில் பயன்பட்ட நாட்டுக் கருவேலத்தின் வைரப்பகுதியை, நன்றாக உலர்ந்ததாக, நேர்நாராகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். வெளிறு, அதாவது வெளிப்புற இளமரம், கலக்கக் கூடாது.

உயரத்துக்கு ஏற்ற நீளம் தேடுவது

பெரியவர்களுக்கான பொது அளவு சுமார் 101.5 செ.மீ.; அதில் பிடி 24 செ.மீ. வரை. ஆறடிக்காரருக்கும் ஐந்தடிக்காரருக்கும் இதே அளவுதான். ஓக் வாளின் எடை ஏறத்தாழ 500 முதல் 600 கிராம். கெண்டோவில் காதா எனப்படும் வரையறுத்த ஜோடிப் பயிற்சியின் பத்து வடிவங்களில் கடைசி மூன்றுக்குச் சுமார் 55 செ.மீ. குட்டை வாளும் வேண்டும்.

அளவை மாற்றுவது உடல் உயரம் அல்ல, பயிற்சி மரபு. காஷிமா ஷின்-ரியூ வாள் தடித்தது, கிட்டத்தட்ட நேரானது. கத்தோரி ஷின்தோ-ரியூ வாள் பொது அளவைவிடக் குட்டை. இவாமா வழி ஐகிடோவில் கனமான வாள். ஆசிரியரைக் கேட்காமல் வாங்கினால், கூட ஆடுபவரின் வாளோடு உங்கள் வாள் இடைவெளியிலும் கனத்திலும் ஒத்துப்போகாது. சுபுரித்தோ எனப்படும் மிகக் கனமான வாள் தனியே வீசிப் பழகத்தான். தொடக்கநிலையில் அதை வாங்கி மணிக்கட்டையும் முழங்கையையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்க வேண்டும். கடைசலில் உருட்டிய வட்டப் பிடியில் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. வெட்டின் கோணத்தைத் தப்பாகவே பழகிவிடுவீர்கள். மலிவு வாள்களில் நான் முதலில் பார்க்கும் குறை இதுதான். பக்கவாட்டில் பள்ளம் இழைத்த வாள் வீசும்போது இனிமையாக விசிலடிக்கும். பள்ளம் இழைத்த இடத்தில் மரம் குறைவு, அதனால் மோதலுக்கு ஆகாது. பிளாஸ்டிக் உறையோடு விற்கும் வாளுக்கு உறையைத் தனியே மாற்றி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

வாங்கிய பிறகு கெடுப்பது

கெட்டி வார்னிஷ் இருந்தால் வியர்வையில் பிடி வழுக்கும். பிடியை மட்டுமாவது 220 எண் உப்புத்தாளால் நார்ப்போக்கில் தேய்த்து, 400ஆல் மழுக்கி, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் துடைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடியது, விரித்து உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது உலர்ந்து இறுகாது, நாளடைவில் சிக்கு வாடை வரும்.

சுவரில் சாய்த்து வைத்தால் வாள் தன் எடையிலேயே கோணும். படுக்கை வாட்டில் இரண்டு தாங்கிகள்மேல் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்னிருக்கை இதற்கு ஆகாத இடம்.

மேற்பரப்பு நசுங்கினால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடி வைத்தால் நார் உப்பி எழும். ஜோடிப் பயிற்சிக்கு முன் ஒரு பஞ்சை வாளின்மேல் ஓட்டுங்கள். சிக்கும் இடத்தில் சிராய் இருக்கிறது, தேய்த்துவிடலாம். விரிசல் என்றால் கதை வேறு. பசையோ டேப்போ போட்டுச் சமாளிக்காதீர்கள். தனியே வீசிப் பழகவும் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். வேகமாக வீசிச் சட்டென்று நிறுத்தும்போதே நுனி பிய்த்துக்கொண்டு போகலாம்.