ஹாலில் ஓடும் வைஃபை படுக்கையறையில் மட்டும் அறுந்து போனால்

மூன்று வாரம் என் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒழுங்காக ஓடும் வீடியோ, கட்டிலில் சாய்ந்ததும் சுற்ற ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் வைஃபை குறி போய் 4ஜி வந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் வைஃபை திரும்பும், மறுபடி போகும். கடுப்பில் ஃபேக்டரி ரீசெட் அடித்து, வங்கிச் செயலிகளில் எல்லாம் மறுபடி பதிவுசெய்து முடித்தால், அன்று ராத்திரி அதே கட்டிலில் அதே கதை. ஆகவே ரீசெட் பக்கமே இப்போதைக்குப் போகாதீர்கள்.

முதல் வேலை: உங்கள் போனில் அறுந்த அதே நேரத்தில், அதே இடத்தில், இன்னொரு போனை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் வைஃபை குறி இருந்தும் இணையம் வரவில்லை, ரூட்டரில் எல்ஓஎஸ் (LOS, ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் ஃபைபர் வயரில் கோளாறு. இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். குறியே மறைகிறது என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்த வைஃபை பெயரை ஃபர்கெட் கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை மறுபடி போடுங்கள். பேட்டரி சேவரை அணையுங்கள். சிக்னல் குறைந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி இருந்தால் அதையும் ஒருநாள் அணைத்துப் பாருங்கள். வைஃபை பூஸ்டர் என்று வரும் செயலிகள் சுத்த வேஸ்ட், போட வேண்டாம்.

இனி ரூட்டர். இப்போதைய ரூட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் செங்கல் சுவர் இரண்டு தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 மெதுவானது, கொல்லைப்பக்கம் வரை வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ஹாலில் 5-ஐப் பிடித்த போன், படுக்கையறையிலும் அதை விடாமல் தொங்கிக்கொண்டிருந்து, அறுந்த பிறகுதான் 2.4-ஐத் தேடும். என் வீட்டில் நடந்தது இதுதான்.

தீர்வு, இரண்டுக்கும் வேறு வேறு பெயர். உலாவியில் 192.168.1.1 போட்டு (சிலதில் 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போங்கள். நான் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெயர் மாற்றும் கட்டம் சாம்பல் நிறத்தில் கிடந்தது, தட்டினால் அசையவில்லை. ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பேண்ட் ஸ்டீரிங் (இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் சேர்க்கும் வசதி) என்றிருப்பதை அணைத்தால்தான் அது திறக்கும். திறந்த சந்தோஷத்தில் இரண்டு பெயரையும் மாற்றி சேவ் அடித்தேன். டிவி, வாசல் கேமரா, ஸ்மார்ட் பிளக் எல்லாம் ஒரே நேரத்தில் அவுட். டிவி ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக பாஸ்வேர்டு அடித்த அந்த அரைமணி நேரம் யாருக்கும் வேண்டாம். பழைய பெயரும் பாஸ்வேர்டும் 2.4-க்கே இருக்கட்டும், ஏனென்றால் விலை குறைந்த கேமரா, பிளக் வகைகளுக்கு அது மட்டும்தான் தெரியும். 5-க்கு மட்டும் புதுப் பெயர் வையுங்கள். அப்புறம் படுக்கையறையில் 2.4-இல் இணைந்து, 5-க்கான ஆட்டோ கனெக்டை போனில் அணைத்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் சேனலையும் (அலைவரிசைக்குள் இருக்கும் தடம்) பார்த்துவிடலாம். 2.4-க்கு 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைவாக இருப்பது. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். எது காலி என்று பார்க்க ஆண்ட்ராய்டில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். 5-க்கு ஆட்டோவை எடுத்துவிட்டு 36 முதல் 48-க்குள் ஒன்றை வைப்பதே என் வழக்கம். 52 முதல் 144 வரை உள்ளவற்றை ராடாரும் பயன்படுத்துவதால், ராடார் அலை தென்பட்டால் ரூட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். அந்த நிமிடம் 5-இல் இருக்கும் எல்லாப் போனும் அறுந்துபோகும்.

ரூட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் அதை வெளியே எடுங்கள். எக்ஸ்டெண்டர் (வைஃபையைத் தூரத்துக்குக் கடத்தும் பெட்டி) வாங்குவது அப்புறம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு ஐபோனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல வைஃபை அடியோடு நின்றுபோனது. அவர் ரூட்டரில் மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடும் வசதி) போட்டிருந்தார். போனோ பிரைவேட் அட்ரஸ் வசதியால் தன் மேக் முகவரியை (கருவியை ரூட்டர் அடையாளம் காணும் எண்) அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தது, ரூட்டர் அதை அந்நியன் என்று தள்ளிவிட்டது. வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட் அட்ரஸை ஃபிக்ஸ்டு என்று மாற்றி, அந்த முகவரியை ஃபில்டரில் சேர்த்ததும் சரியாகிவிட்டது.