டைட்டானியமா, ஸ்டீலா: எலும்புக்குள் வைக்கும் உலோகத்தைப் பற்றி டாக்டரிடம் என்ன கேட்பது

தொப்பூர் கணவாயில் வண்டி சறுக்கி விழுந்தாலும் சரி, மாந்தோப்பில் காய் பறிக்கும்போது கிளை முறிந்து விழுந்தாலும் சரி, கால் எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "ஸ்டீல் வைக்கலாமா, டைட்டானியம் வைக்கலாமா?" வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமனும் மச்சானும் யோசிக்கவே மாட்டார்கள், "காசைப் பார்க்காதே, டைட்டானியமே வைக்கச் சொல்லு" என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். டைட்டானியம் உசத்தி, ஸ்டீல் மட்டம் என்று ஊருக்கே ஒரு எண்ணம் பதிந்து கிடக்கிறது.

நான் ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் வேலை செய்பவன். உலோகத்தோடு புழங்குகிறவன் என்பதால் சொந்தக்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் எனக்குத்தான் போன் போடுவார்கள். வைத்தியம் எனக்குத் தெரியாது, எதை வைப்பது என்ற முடிவு டாக்டருடையது. ஆனால் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும், அதற்குத்தான் இது.

முதலில் கேட்க வேண்டியது, "இந்தச் சாமான் உள்ளே என்ன வேலை செய்யப்போகிறது?" என்பதுதான். உடைந்த எலும்பு கூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கப் போகிறதா, மூட்டில் நாள் முழுக்க உரசப் போகிறதா, அல்லது எலும்போடு ஒட்டி ஆயுசுக்கும் இருக்கப் போகிறதா? இந்த மூன்றுக்கும் ஒரே உலோகம் சரிப்படாது. ஒன்றில் டைட்டானியம் ராஜா, இன்னொன்றில் அது சரியான சோப்ளாங்கி.

பிடித்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொள்வோம். பிளேட், ஸ்க்ரூ, எலும்பின் நடுக்குழியில் இறக்கும் ராடு எல்லாம் இந்த வகை. இங்கே பார்க்க வேண்டியது விறைப்பு, அதாவது பாரம் விழும்போது வளையாமல் நிற்கும் தன்மை. மருத்துவத்துக்குப் பயன்படும் 316 எல் ஸ்டீலின் விறைப்பு ஏறக்குறைய 190 முதல் 200 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு, எண் கூடினால் விறைப்பும் கூடும்). 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம், அதாவது பரவலாகப் புழங்கும் கலவை, 110 பக்கம். நம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியோ 15, 20 அளவுதான். பிளேட் எலும்பைவிட ரொம்ப விறைப்பாக இருந்தால் நடக்கும்போது விழும் பாரத்தைப் பெரும்பாலும் அதுவே வாங்கிக்கொள்ளும். எல்லா மூட்டையையும் ஒருத்தனே தூக்கினால் கூட வந்தவன் கையை வீசிக்கொண்டு நடப்பான் இல்லையா, அப்படி. பாரம் விழாத எலும்பு நாளடைவில் அடர்த்தி குறைந்து மெலியும். டைட்டானியம் இந்த விஷயத்தில் ஸ்டீலைவிடத் தேவலை, ஆனால் அதுவும் எலும்பைப்போல ஐந்தாறு மடங்கு விறைப்புதான். இதை இன்னும் குறைக்கத்தான் நியோபியம், சிர்கோனியம் கலந்த புதுக் கலவைகளைச் செய்கிறார்கள், அவை 80 அளவுக்கு இறங்கும்.

அதற்காக ஸ்டீல் மட்டம் என்று ஆகிவிடாது. ஸ்டீல் பிளேட்டை டாக்டர் ஆபரேஷன் மேஜையிலேயே எலும்பின் வளைவுக்குத் தக்கபடி வளைத்துப் பொருத்தலாம். டைட்டானியம் கீறலையும், திரும்பத் திரும்ப வளைப்பதையும் பொறுத்துக்கொள்ளாது, வளைத்த இடத்திலேயே பின்னால் களைத்து முறிய வாய்ப்பு உண்டு. விலையும் ஸ்டீலுக்குக் குறைவு. டைட்டானியம் ஏன் விலை என்று கேட்டால், பல காரணங்களில் ஒன்றை எங்கள் ஷாப்பிலேயே காட்டலாம்: அது வெப்பத்தை ரொம்பக் குறைவாகத்தான் கடத்தும், வெட்டும்போது வரும் சூடெல்லாம் டூல் முனையிலேயே தேங்கி முனை பொசுங்கும், மெதுவாகத்தான் ஓட்ட முடியும், சுருள் சுருளாக வரும் பிசிறு தீப்பிடிக்கவும் செய்யும். கைமுறிவுக்கு, கணுக்காலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டீல் வைத்தார்கள் என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமாதீர்கள்.

பின்னால் எடுக்க வேண்டியிருக்கும் என்றால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ஸ்டீல் பக்கம் ஒரு நியாயம் கூடுதலாகவே இருக்கிறது. டைட்டானியத்தின் மேல் எலும்பு நன்றாக ஒட்டும். போதாக்குறைக்கு பிளேட்டிலேயே மரை போட்டு இறுக்கும் லாக்கிங் ஸ்க்ரூ டைட்டானியமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, கழற்றப் போகும்போது ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும். மரை கடிப்பது என்ன என்று ஃபிட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக இரண்டாவது கேள்வி: "இதைப் பின்னால் எடுக்க வேண்டி வருமா?" பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். "உள்ளேயே துருப்பிடித்துவிடும், எடுத்துவிடு" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பி இன்னொரு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

மூன்றாவதாக நீங்களே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கவரிங் கம்மல், வாட்ச் ஸ்ட்ராப், பெல்ட் பக்கிள் பட்டால் தோல் சிவந்து அரிக்கிறதா? அப்படியென்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். 316 எல் ஸ்டீலில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் உண்டு. தோலில் அரிப்பவர்களுக்கெல்லாம் எலும்புக்குள்ளும் தொல்லை வரும் என்றில்லை, ஆனாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டைட்டானியத்தைத் தேர்ந்தெடுக்க இது நல்ல காரணம்.

சரி, வெளியே எடுத்த பிளேட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தால் அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், பிரயோஜனமில்லை, இரண்டுமே ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுப் பிளேட் என்றால் டைட்டானியம் கிட்டத்தட்ட பாதி எடைதான் இருக்கும் (ஒரு கன செ.மீ. ஸ்டீல் 8 கிராம், டைட்டானியம் 4.4 கிராம்). ஸ்டீல் கண்ணாடிபோல் பளபளக்கும், டைட்டானியம் மங்கிய சாம்பல். சில டைட்டானியம் ஸ்க்ரூக்கள் தங்க நிறத்திலோ நீலத்திலோ ஊதாவிலோ இருக்கும். அது பெயின்ட் இல்லை, மின்சாரம் செலுத்தி மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கியிருக்கிறார்கள். படலத்தின் தடிமனைப் பொறுத்து வெளிச்சம் பட்டு நிறம் மாறும்; எந்த ஸ்க்ரூ எந்த அளவு என்று நர்ஸ் சட்டென்று எடுத்துக் கொடுக்க அது உதவும்.

இப்போது உரசும் வேலை. மூட்டு மாற்று ஆபரேஷனில்தான் "முழுக்க டைட்டானியம் வையுங்கள்" என்று அடம்பிடிப்பவர்கள் அதிகம், அங்கேதான் அது உதவாது. டைட்டானியம் உரசினால் மேற்பரப்பு பிய்ந்து கரும்பொடியாக உதிரும். அதனால் முழங்கால் மூட்டில் தொடை எலும்புப் பக்கம் பெரும்பாலும் கோபால்ட் குரோமியம், நடுவில் பாலிஎத்திலீன், கீழே கெண்டைக்கால் பக்கத் தட்டுக்கு டைட்டானியமோ கோபால்ட் குரோமியமோ. நிஜத்தில் மூட்டு எத்தனை வருஷம் ஓடும் என்பதில் அந்த நடு பிளாஸ்டிக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு டாக்டர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் போட்டுப் பார்த்தார், அது சீக்கிரமே தேய்ந்து போனது. 1962ல் மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் மூட்டு மாற்று நிலைத்தது. பிளாஸ்டிக் தேயும்போது வரும் துகள் மோசமானது, அதை எதிர்த்து உடம்பு போராடப் போய்ச் சுற்றியிருக்கும் எலும்பே அரிக்கப்பட்டு மூட்டு ஆட ஆரம்பிக்கும். கதிர்வீச்சு கொடுத்து இறுக்கிய பாலிஎத்திலீன் குறைவாகத் தேயும். அதனால் டாக்டரிடம் "உரசும் பக்கம் என்ன பொருள், நடுவில் எந்த வகை பாலிஎத்திலீன்?" என்று கேளுங்கள்.

பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகத்தோடு உலோகம் உரசட்டும் என்றும் செய்து பார்த்தார்கள். டிப்யூ நிறுவனத்தின் அந்த வகை இடுப்பு மூட்டை 2010ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்; கோபால்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்ததும், மூட்டைச் சுற்றியிருந்த சதையைக் கெடுத்ததும் பெரிய விவகாரமானது. இடுப்புக்கு இப்போது பீங்கான் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் பரவலாக இருக்கிறது. டைட்டானியம் இல்லாமலே நல்ல சாமான் செய்யலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா இதய வால்வு, 1990ல் முதன்முதலில் பொருத்தப்பட்டது, சட்டம் கோபால்ட் கலவை, திறந்து மூடும் தட்டு பாலிஎத்திலீன்.

பில் விஷயம். முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை வைத்தது. கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சைடு ஏற்றிய சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய், வரி தனி. இவை அப்போதைய எண்கள், இன்றைய உச்ச விலையைக் கேட்டு, பில்லில் இம்பிளான்ட் (உள்ளே வைக்கும் சாமான்) விலையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே காட்டிவிடுங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள்.

எலும்போடு ஒட்டிக்கொள்வதில்தான் டைட்டானியத்தை அடிக்க ஆளில்லை. ஸ்வீடனில் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950களில் முயலின் காலெலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதன்மேலேயே வளர்ந்து பிடித்திருந்தது. 1965ல் மனிதருக்கு டைட்டானியத்தில் பல் வைத்தார். காற்றுப் பட்ட உடனே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகும், கீறினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். உடம்பின் உப்புநீரில் அது அரிக்காமல் இருப்பதும் எலும்பு அதை ஏற்றுக்கொள்வதும் அந்தப் படலத்தால்தான்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது பல்லில் பழுப்புக் கறை உள்ள எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடு அதிக அளவில் அமிலத்தோடு சேர்ந்தால் டைட்டானியத்தின் படலத்தை அரிக்கும். குடிநீர் அளவுக்குப் பயப்பட வேண்டாம்; பல் கிளினிக்கில் தடவும் புளிப்பான ஃபுளோரைடு ஜெல்தான் பிரச்சினை. இம்பிளான்ட் பல் இருந்தால் தடவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எலும்பு ஆபரேஷன் என்றாலும், சிறு வயதிலிருந்து எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஃபுளோரோசிஸ் முற்றிய எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும், ஆனால் உடையக்கூடியது. வெளியூரிலிருந்து வந்த டாக்டருக்கு இது சட்டென்று தோன்றாமல் போகலாம்.

அப்புறம், டைட்டானியம் பிளேட்டுக்கு ஸ்டீல் ஸ்க்ரூ என்று கலக்கக் கூடாது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் ஒன்று அரிக்கத் தொடங்கும். அதே காலில் பழைய பிளேட் ஏற்கெனவே இருந்தால் அது எந்த உலோகம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், அதற்கு ஸ்டிக்கர் வேண்டும்.

ஸ்டிக்கர் என்றால், ஒவ்வொரு இம்பிளான்ட் பெட்டியிலும் ஒட்டிப் பிரிக்கிற மாதிரி சின்ன வெள்ளைச் சீட்டுகள் இருக்கும். கம்பெனி பெயர், அளவு, ரெஃப் எண், லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்), பல நேரம் உலோகத்தின் பெயரும் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். போனில் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள், காகிதத்தை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போடுங்கள். கம்பெனி ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால் உங்களுடையது அதில் உண்டா என்று தெரிய அந்தச் சீட்டுத்தான் கைகொடுக்கும்.

எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதும் அதே சீட்டுத்தான் கேட்பார்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, 316 எல் ஸ்டீலையும் அநேகமாக அப்படித்தான், ஆனால் ஸ்டீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் அதிகமாகக் கலங்கும். முதுகெலும்பிலோ தலையிலோ வைக்கிறார்கள், பின்னால் அடிக்கடி ஸ்கேன் தேவைப்படும் என்றால் டைட்டானியத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் "கூடு டைட்டானியம்தானே" என்று நேராகப் போய்ப் படுத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் வயருக்கும் தனி விதி உண்டு, அட்டையைக் காட்டி, வைத்த டாக்டரிடம் கேட்ட பிறகுதான் ஸ்கேன்.