அக்கா சொன்னாள் என்று ஒருவழி டிக்கெட் எடுக்காதீர்கள்

பினாங்கில் பிறந்தவர்களுக்கு பினாங்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நாசி கண்டார் கடையில் வரிசை நீளம் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது, திரும்பும் டிக்கெட் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் புறப்பட்டால் விமான நிலையத்தில் நடக்கும் கூத்தைப் பற்றி.

மலேசியக் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, இன்னும் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சொந்த நாட்டுக்குப் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் ஐசி என்ற அடையாள அட்டையையும் கடப்பிதழையும் ஒப்படைத்துவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் இது.

அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அக்கா போனில் சொன்னாள்: "தம்பி, போன தடவ மாதிரி தேதி போட்டுக்கிட்டு வராத. அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் இருக்கிற மாதிரி வா." போன தடவை என்றால் அம்மாவின் கருமாதி. அது முடிந்த மறுநாளே விமானம் ஏறியவன் நான். வாதாட வாய் வரவில்லை. மெல்பர்னிலிருந்து போக மட்டும் டிக்கெட் எடுத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் திரும்பும் டிக்கெட்டைக் கேட்டாள். இல்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவள் கங்காருவும் ஈமுவும் பொறித்த நீலக் கடப்பிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் வீடு இங்கேதானே?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்குத்தான் காது சுட்டது.

விமான நிறுவனங்கள் டிமாட்டிக் என்ற தகவல் தளத்தைப் பார்த்துத்தான் ஆளை ஏற்றுகின்றன. சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு டிக்கெட் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தால், கவுண்டரில் கெஞ்சிப் பயனில்லை. குடிநுழைவு அதிகாரி திருப்பி அனுப்பினால், கொண்டுவந்த நிறுவனமே தன் செலவில் அழைத்துப்போக வேண்டும். அதனால்தான் அதிகாரியைவிட கவுண்டரில் கெடுபிடி அதிகம்.

கவுண்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. பெட்டிமேல் உட்கார்ந்து கோலாலம்பூர்–சிங்கப்பூர் டிக்கெட் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்தேன். மலிவாகக் கிடைத்த முதல் தேதி, பத்தொன்பது நாள் கழித்து, 22. பணம் கட்டப் போனால் ஓடிபி வரவில்லை. ஏனென்றால் மகா புத்திசாலியாக, வரிசையில் நிற்கும்போதே மலேசிய சிம்மை மாற்றிப் போட்டிருந்தேன். பழைய சிம் பர்ஸில், டிஷ்யூவில் சுற்றியபடி. போனின் சிம் தட்டைத் திறக்க ஊசி இல்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா ஒன்றும் கேட்காமல் தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடினேன்.

ஆகவே, சிம்மை இறங்கிய பிறகு மாற்றுங்கள். வெளியேறும் டிக்கெட் நீங்கள் கிளம்பிய நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. மலேசியாவை விட்டு எங்கே போனாலும் சரி. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், அமெரிக்கக் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் 90 நாள் தருகிறார்கள், தேதி அதற்குள் இருக்கட்டும். பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாருக்கு ரயில் டிக்கெட்டைக் காட்டித் தப்பிக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்த ஸ்டேஷன் மலேசியாவுக்குள்தான் இருக்கிறது. அந்த டிக்கெட் எதையும் நிரூபிக்காது. பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் வாங்கினால், காசாக வருமா, அடுத்த பயணத்துக்கு வரவாக வைப்பார்களா என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் இலவசமாக ரத்து செய்யலாம் என்பது அமெரிக்கா போய்வரும் விமானங்களுக்கு, அதுவும் ஏழு நாளாவது முன்கூட்டி வாங்கினால், உள்ள விதி. கோலாலம்பூர்–சிங்கப்பூர் மாதிரி டிக்கெட்டுக்கு அது ஆகாது. போலி டிக்கெட் தயாரித்துக் காட்டும் வேலையே வேண்டாம்.

அப்புறம் மின்னியல் வருகை அட்டை. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள், குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்கு ஹோட்டல், நண்பர் அல்லது உறவினர் வீடு, மற்றவை என்று இருக்கும். நான் பிறந்த வீட்டுக்கு எதை அழுத்துவது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் அந்த டிக்கெட்டை யாரும் கேட்கவில்லை. அதிகாரி பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு "பாலேக் கம்போங்?", அதாவது சொந்த ஊருக்குத் திரும்புகிறீர்களா, என்று சிரித்து முத்திரை குத்தினார். அவ்வளவுதான்.

இன்னொன்று. விமான நிறுவனத்தின் நினைவூட்டல் செய்திகளை நிறுத்தி வையுங்கள். நான் வைக்கவில்லை. ஒரு ராத்திரி பசியாறிக்கொண்டிருக்கும்போது, மேசைமேல் கிடந்த போன் பளிச்சென்று எரிந்தது: உங்கள் சிங்கப்பூர் பயணத்துக்கு இன்னும் 7 நாள். அக்கா படித்தாள். "தேதி போட்டுத்தான் வந்திருக்க" என்றாள். டிமாட்டிக், கவுண்டர், ஊக்கு, எல்லாம் சொன்னேன். குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு எழுந்து போனாள். உள்ளே கட்டிலிலிருந்து அப்பா, "எத்தனாம் தேதி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அடுப்படிச் சுவரில் குதிரைக் காலண்டரில் 22ஐச் சுற்றி சிவப்புப் பேனாவில் நடுங்கிய ஒரு வட்டம். அப்பாவின் வாக்கர் அடுப்படி வாசலில் நின்றது.