நுழைவுப் பதிவேட்டிலிருந்து கை-ஸ்கொயர் வரை: ஜமோவியில் முதல் பகுப்பாய்வு

கோபி பக்கம் ஒரு கல்லூரி நூலகம் என்று வைத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்கு மேலும் திறந்து வைத்தால் யார் வருகிறார்கள்? விடுதி மாணவர்கள் மட்டுமா, அந்தியூருக்கும் சத்திக்கும் டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்களும் வருகிறார்களா? இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் மேல் கட்டப்பட்ட ஜமோவி என்னும் புள்ளியியல் மென்பொருள் இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் தளத்தில் 'சாலிட்', 'கரன்ட்' என இரண்டு பதிப்புகள் இருந்தால் புதியவர்கள் சாலிட்டையே இறக்குங்கள்.

தரவைச் சீர்செய்தல்

பாதிக்கு மேற்பட்ட வேலை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான பிழைகளும் இங்கேதான் பிறக்கின்றன.

நுழைவுப் பதிவேட்டை அப்படியே ஜமோவியில் போடாதீர்கள். ஒரே மாணவர் மாதத்தில் இருபது முறை கையெழுத்திட்டால் அது இருபது பேர் ஆகாது. இரண்டு வகைப்பாடுகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனைக்கு ஒருவருக்கு ஒரு வரிதான். தவிர, பதிவேட்டில் வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வராதவர்களை உறுப்பினர் பட்டியல்தான் காட்டும். எனவே உறுப்பினர் பட்டியலை ஒரு தாளில் வைத்து, ஒவ்வொரு சேர்க்கை எண்ணும் 17:00க்கு மேல் பதிவேட்டில் எத்தனை முறை வருகிறது என்று லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளில் 'கவுன்ட்இஃப்ஸ்' சூத்திரம் கொண்டு எண்ணுங்கள். ஒன்றோ அதற்கு மேலோ என்றால் 'வந்தார்', பூஜ்யம் என்றால் 'வரவில்லை'.

நேரத்தை 17:30 என்று முக்காற்புள்ளியோடு எழுத வேண்டும். 9.30 என்று புள்ளி வைத்தால் கால்க் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். உள்ளுக்குள் ஒரு நாள் என்பது 1, மாலை 5 மணி என்பது சுமார் 0.708. 9.3 அதைவிடப் பெரியது என்பதால் காலையில் வந்தவரும் மாலைக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

அடுத்தது எழுத்து. 'வெளியூர்' என்பதில் சிலர் 'ர்' தட்டுவதற்குப் பதில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி விழுந்தாலும் இதே கதி. இரண்டு பிரிவு இருக்க வேண்டிய அட்டவணையில் மூன்று வந்தால் முதலில் இவற்றைத் தேடுங்கள்.

சேமிக்கும்போது சிஎஸ்வி வடிவம், யுடிஎஃப்-8 குறியேற்றம். இதைத் தவறவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

பயிற்சிக்கு ஒரு சிறு அட்டவணை

கோப்பு தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். கீழே உள்ளது கற்பனைக் கணக்குதான். ஜமோவியில் இருப்பிடம், வருகை, எண்ணிக்கை என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) எடுத்து நான்கே வரிகள் தட்டுங்கள்:

விடுதி – வந்தார் – 42
விடுதி – வரவில்லை – 18
வெளியூர் – வந்தார் – 27
வெளியூர் – வரவில்லை – 63

பத்தித் தலைப்பை இருமுறை சொடுக்கினால் அளவை வகை தெரியும். முதல் இரண்டும் 'நாமினல்' (வெறும் பெயர்ப் பிரிவு) ஆக இருக்கட்டும். (உங்கள் உண்மையான கோப்பில் சேர்க்கை எண்ணுக்கு 'ஐடி' வகை கொடுங்கள்.)

இப்போது 'அனாலிசஸ்' தாவலில் 'ஃப்ரீக்வென்சீஸ்', அதில் 'இண்டிபெண்டன்ட் சாம்பிள்ஸ்'. இருப்பிடத்தை 'ரோஸ்' பெட்டிக்கும் வருகையை 'காலம்ஸ்' பெட்டிக்கும் எண்ணிக்கையை 'கவுன்ட்ஸ்' பெட்டிக்கும் நகர்த்துங்கள். கடைசிப் பெட்டியை மறந்தால் மொத்தமே நான்கு பேர் என்று ஜமோவி நினைக்கும். கை-ஸ்கொயர் 0, பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வர உள்ள வாய்ப்பு) 1 என்று வந்து நிற்கும்.

'செல்ஸ்' பகுதியில் 'எக்ஸ்பெக்டட் கவுன்ட்ஸ்' (தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை), வரிசைச் சதவீதம் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் கை-ஸ்கொயரை நம்ப முடியாது, ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள். இங்கே மிகச் சிறியதே 27.6, கவலையில்லை.

விடை: கை-ஸ்கொயர் 23.2, கட்டின்மை அளவு (திரையில் 'டிஎஃப்') 1, பி மதிப்பு 0.001க்கும் கீழே. விடுதியினரில் 70 சதவீதமும் வெளியூரினரில் 30 சதவீதமும் வந்திருக்கிறார்கள். 'ஃபை' கெழுவையும் கேளுங்கள்: 0.393. பி மதிப்பு மட்டும் போதாது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தால் அற்ப வேறுபாட்டுக்கும் அது சிறிதாகிவிடும். உறவு எவ்வளவு வலுவானது என்று சொல்வது ஃபைதான்.

இதே கணக்கை நேரடியாக ஆர் மொழியில் போட்டால் 21.6 வரும், பதற வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு கை-ஸ்கொயரைச் சற்றுக் குறைக்கும் யேட்ஸ் திருத்தத்தை அது தானாகவே சேர்த்துக்கொள்கிறது. எந்த முறை என்பதை ஆய்வேட்டில் குறிப்பிட்டுவிட்டால் நெறியாளரின் கேள்விக்கு இடமிருக்காது.

வெளியூர் மாணவர் வராததற்குப் பேருந்துதான் காரணம் என்று இந்த எண் சொல்லவில்லை. அதை அறியத் தனி வினாநிரல் வேண்டும்.

கோப்பைச் சேமித்தால் தரவும் தெரிவுகளும் முடிவுகளும் ஒரே கோப்பில் அடங்கும். பின்னால் ஓர் எண்ணைத் திருத்தினாலும் முடிவு தானே மாறிக்கொள்ளும். முடிவுகளின் அடியில் ஜமோவியே தன் பதிப்பு எண்ணோடு மேற்கோள் குறிப்பைத் தந்திருக்கும். அதை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.