ஹங்கேரி வெள்ளை ஒயின்: எதை வாங்குவது, எதோடு சாப்பிடுவது

ஹங்கேரி ஒயினைக் கையில் எடுத்தவர்கள் லேபிளைப் பார்த்ததும் மிரண்டுபோய்த் திரும்ப வைத்துவிடுகிறார்கள். வாயில் நுழையாத பெயர்கள்தான் காரணம். அதற்காக நல்ல ஒயினை விட்டுவிடக் கூடாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த ஒயின்களுக்கு உயிரே புளிப்புதான். பன்றிக் கொழுப்பும் வாத்துக் கொழுப்பும் தெய்ஃபொல் என்கிற புளித்த க்ரீமும் புழங்குகிற சமையல் ஹங்கேரிச் சமையல். நாக்கில் படியும் கொழுப்பை அந்தப் புளிப்பு வழித்தெடுத்துவிடும். அடுத்த வாய் முதல் வாய் போலவே ருசிக்கும்.

படி 1: லேபிள்

‘ஃபெஹேர்’ என்றால் வெள்ளை. ‘சாரஸ்’ என்றால் இனிப்பில்லாதது, ‘ஏதெஷ்’ என்றால் இனிப்பானது. இந்த இரண்டின் முன்னும் ‘ஃபேல்’ வந்தால் பாதி என்று பொருள். முதல் புட்டி சாரஸாக இருக்கட்டும்.

படி 2: குளிர்ச்சி

ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் போதும். ஐஸ் போல உறைந்தால் வாசனை வராது.

படி 3: ஃப்ரொச்

வெயில் காலத்தில் ஹங்கேரிக்காரர்கள் ஒயினில் சோடா கலந்து குடிப்பார்கள். அதுதான் ஃப்ரொச். அளவுக்கு அளவு பெயர் மாறும். 200 மில்லி ஒயினும் 100 மில்லி சோடாவும் சேர்ந்தால் ‘நாட்யஃப்ரொச்’, பெரிய ஃப்ரொச். அளவைத் திருப்பிப் போட்டால் ‘ஹொசூலேபேஷ்’, அதாவது நீண்ட காலடி. மல்லிகை போல மணக்கும் இர்ஷாய் ஒலிவேர் என்கிற திராட்சையின் ஒயின் இதற்கு அருமையாகப் பொருந்தும். விலையுயர்ந்த ஒயினில் சோடா ஊற்ற வேண்டாம்.

படி 4: பாலட்டோன் ஏரிச் சாப்பாடு

ஏரியின் வடகரையில் பழைய எரிமலை மண்; அங்கே விளைவது ஒலஸ்ரிஸ்லிங் திராட்சை. அதன் ஒயினைக் குடித்து முடிக்கும்போது லேசாகக் கசப்பு பாதாம் சுவை நிற்கும். ஏரியில் பிடித்த ஃபோகாஷ் மீனை வறுத்து இதோடு சாப்பிடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த ஜோடி லாங்கோஷ்: எண்ணெயில் பொரித்த மாவு, மேலே பூண்டுத் தண்ணீர், தெய்ஃபொல், துருவிய சீஸ். விரலில் எண்ணெய் வழிய ஒரு கடி, அப்புறம் ஒரு மடக்கு ஒயின்.

படி 5: கோழிக்கு ஃபுர்மின்ட்

வீட்டிலேயே செய்து பார்க்க பாப்ரிகாஷ் சிர்கே என்கிற கோழிக் குழம்புதான் சரி. கொழுப்பில் வெங்காயத்தை நன்றாக வதக்குங்கள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய பிறகே பாப்ரிகா என்கிற சிவப்புக் குடைமிளகாய்ப் பொடியைப் போடுங்கள், கருகினால் கசந்துவிடும். பிறகு கோழியையும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து வேகவிட்டு, கடைசியில் தெய்ஃபொல் கலக்குங்கள். நொகெட்லி என்கிற சின்ன மாவு உருண்டைகளோடு பரிமாறுவது வழக்கம். கூடவே டோக்கை வட்டாரத்தில் விளையும் ஃபுர்மின்ட் திராட்சையின் ஒயின், சாரஸ் வகை. ஆப்பிளும் பேரிக்காயும் கலந்த வாசனை, கூர்மையான புளிப்பு. அந்தக் கனமான குழம்புக்கு மெல்லிய ஒயின் ஈடுகொடுக்காது, ஃபுர்மின்ட் கொடுக்கும்.

படி 6: கடைசியாக அசூ

அசூ என்கிற இந்த இனிப்பு ஒயினுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். போட்ரோக், டிசா என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஊர் டோக்கை. இலையுதிர் காலத்தில் அங்கே காலையில் மூடுபனி கவியும், பகலில் வெயில் அடிக்கும். அதில் ஒருவகைப் பூஞ்சை பிடித்துத் திராட்சை நீர் வற்றிச் சுருங்கிவிடும். உலர்ந்த திராட்சை போலவே இருக்கும் அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, புதுச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைக்கிறார்கள். லேபிளில் இருக்கும் 5, 6 புட்டோன்யோஷ், 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடைப் பழம் என்று எண்ணிய காலத்துக் கணக்கு. இப்போது சர்க்கரையை வைத்துச் சொல்கிறார்கள்: 5 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம், 6 என்றால் 150.

இவ்வளவு சர்க்கரை இருந்தும் திகட்டாததற்குக் காரணம் ஃபுர்மின்ட்டின் புளிப்புதான். வாத்து ஈரல், உப்புக் கரிக்கும் நீலச் சீஸ், ஆப்ரிகாட் வைத்த ரொட்டி எல்லாம் இதற்கு ஒத்துப்போகும். ஒயினைவிட இனிப்பான பண்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதோடு குடித்தால் அசூ வெறும் புளிப்பாகத் தெரியும்.

சின்னக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றினால் போதும். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் நிற்கவையுங்கள், சில வாரம் கெடாமல் இருக்கும்.