பழைய புல்லட்டில் அடிபட்ட உலோகப் பாகங்களைச் சீர்செய்யும் முறை

கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றுவிட்ட புல்லட்டை வெளியே உருட்டி வருபவர்கள், ஒடுங்கிய மட்கார்டையும் துருவேறிய டேங்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டத்தான் முதலில் நினைக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவிலேயே பேணப்படும் வண்டிகளுக்கே, பழம்பெரும் (வின்டேஜ்) வண்டிகளுக்கான 'வி.ஏ.' வரிசையில் பதிவெண் தருகின்றன. அதனால் வண்டியோடு வந்த தகட்டைக் காப்பாற்றுவதற்குச் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு சிறு காந்தத்தை எடுத்துத் தகட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். என் வண்டியின் டேங்கில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. பெயின்டைச் சுரண்டியபோது அரை விரல் கனத்துக்குப் பட்டி பூசப்பட்டிருந்ததும், அதன் அடியில் ஒடுக்கு எடுக்கப்படாமல் துரு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்ததும் தெரிந்தன. பட்டி என்பது அரத்தின் கீறல்களை மறைப்பதற்கு மட்டுமே. பள்ளத்தை நிரப்புவதற்கு அன்று.

மட்கார்டில் விழுந்த ஒடுக்கை எடுக்க, மணல் நிரப்பிய தோல் பை ஒன்று போதும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் தடித்த எருமைத்தோல் துண்டுகள் கிடைப்பது நமக்கு வசதி. இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, சலித்து உலர்த்திய நைஸ் மணலை இறுக்கமாக நிரப்பிக்கொள்ளலாம். மட்கார்டைக் கவிழ்த்துப் பையின் மேல் வைத்து, ஒடுக்கின் விளிம்பில் தொடங்கி வட்டமாக உள்நோக்கி வந்து, நடுப்பள்ளத்தைக் கடைசியாகத் தட்ட வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு விரலால் அழுத்தினால் தகர டப்பாவைப் போல 'டபக்' என்று உள்ளே போய் வெளியே வரும். அப்படி ஆகிவிட்டால், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு அந்த இடத்தை கேஸ் டார்ச்சின் சுடரால் செந்நிறம் வரச் சூடாக்கி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்துக் குளிரச் செய்தால் தகடு சுருங்கும். இடையிடையே தட்டை அரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்: மேடு பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும்.

டேங்க்கின் கதை வேறு. பெட்ரோல் வடித்த காலி டேங்கில் தங்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது என்பதை மறந்துவிட்டு நெருப்பை அருகில் கொண்டுபோகக் கூடாது. சலவைச் சோடா கலந்த கொதிநீரால் பலமுறை கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் சில நாட்கள் காயவைத்த பிறகும், பற்று வைக்கும் இடத்தை மட்டும் விட்டு மற்ற பகுதி முழுவதும் தண்ணீரை நிரப்பி, அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் கொடுப்பதே முறை. ஊசித்துளை அளவுக் கசிவுக்கு கேஸ் வெல்டிங் தேவையில்லை. தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து ஈயப்பற்று வைத்தால் நிற்கும்.

உள்துருவுக்கு, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை சிட்ரிக் அமிலம், அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவது, கலந்து ஓரிரவு ஊறவைத்து, சமையல் சோடாக் கரைசலால் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் காட்ட வேண்டும். சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுப்பவர்கள் நேர்முனையில் பழைய இரும்புத் துண்டையே தொங்கவிட வேண்டும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொங்கவிட்டால் நச்சுத்தன்மையுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் கரைசலில் இறங்கும். ராணிப்பேட்டையில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதை அறிந்த மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை.

வார்ப்பிரும்பு பேரலில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரில், சூட்டைத் தணிக்கும் தகடுகளில் (ஃபின்) ஒரே ஒன்று உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒட்டியே தீர வேண்டுமென்றால், பேரல் முழுவதையும் மெல்லச் சூடாக்கிப் பித்தளைக் கம்பியால் பற்று வைத்து, உமிச் சாம்பலில் புதைத்து மறுநாள் வரை ஆறவிட வேண்டும்; அரிசி ஆலைகள் நிறைந்த ஆரணி, ஆற்காடு பக்கம் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. காற்றில் சட்டென்று ஆறினால் பற்றின் ஓரத்திலேயே புதிதாக விரிசல் விடும். ஆறிய பின் பேரலின் உள்துளை வட்டத்தை லேத் பட்டறையில் அளக்காமல் பிஸ்டனை இறக்கக் கூடாது.

எஞ்சினை மூடியிருக்கும் அலுமினியம் கேசிங் சூடேறும்போது நிறம் மாறாது; 660 டிகிரியை எட்டும் முன்பே சட்டென்று உருகி ஒழுகிவிடும். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, 'வி' வடிவத்தில் பள்ளம் வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு முற்றிலும் போகும்வரை கழுவிய பிறகே ஆர்கான் வெல்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். குரோம் முலாம் பூசிய பாகங்களை வீட்டில் தொட வேண்டாம். முலாம் போடுபவரிடமே கொடுத்துவிடலாம்.

நான் அதிகம் பார்க்கும் சேதம் அடிபட்டதால் வந்ததன்று, தவறான போல்ட்டால் வந்தது. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அங்குல மரைகளே உண்டு. கால் அங்குல பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்புரி அளவு) மரையில் அங்குலத்துக்கு 26 புரிகள், 6 மி.மீ. போல்ட்டில் ஏறக்குறைய 25.4. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் 6 மி.மீ. போல்ட் கையாலேயே உள்ளே இறங்கிப் பொருந்திவிட்டதாக ஏமாற்றும். ஆனால் அது விட்டத்தில் 0.35 மி.மீ. குறைவு என்பதால் புரியின் நுனியை மட்டும் பிடித்து, ஸ்பேனரால் இறுக்கும்போது அலுமினியத்தைத் துருவலாக உரித்துக்கொண்டு வந்துவிடும். உரிந்த துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைச் செருகி அதே அங்குல அளவில் மரையை மீட்கலாம். புது போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். தலை ஆடினால், எவ்வளவு எளிதாக இறங்கினாலும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.